‘வேற்றுமையில் ஒற்றுமை’க்கு எத்தனை உரைபெயர்ப்பாளர் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்பதைத் தாரக மந்திரமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வாசகர் கடிதங்களையும் வாசித்தோம். “அங்கே எல்லாரும் ஐரோப்பியர் என்று ஆகிவிட்டார்கள், நாங்கள்தான் இன்னும் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பிரிந்து கிடக்கிறோம்” என்பது ஒரு சாராரின் ஆதங்கம். “அதெல்லாம் மேல்பூச்சு, பிரித்தானியா கழன்று போனதைக் காணவில்லையா?” என்பது மறு சாராரின் கேள்வி. இரு சாராரும் அந்த ஒன்றியத்தின் மொழிபெயர்ப்பு அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே நடக்கிற வேலையைத் தொழில்முறையில் கற்றவர்கள் என்ற வகையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். எங்கள் பகுதிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிற சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. நோர்வேயும் இல்லை. பிரித்தானியா 2020 ஜனவரியோடு வெளியே. இப்போது உறுப்பு நாடுகள் 27, உத்தியோகபூர்வ மொழிகள் 24.

அந்த 27 நாட்டாரும் தங்கள் தங்கள் அடையாளத்தைக் கரைத்துவிட்டு ஐரோப்பியர் ஆகவில்லை. 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கைதான் ஒன்றியக் குடியுரிமை என்பதைக் கொண்டுவந்தது. அது நாட்டுக் குடியுரிமைக்கு மேலதிகமானது, அதற்குப் பதிலானது அல்ல என்று இன்றைய உடன்படிக்கை தெளிவாகவே சொல்கிறது. பண்பாடு பற்றிய பிரிவு (167ஆவது உறுப்புரை) இன்னும் ஒரு படி மேலே போகிறது. உறுப்பு நாடுகளின் பண்பாடுகள் செழிக்க ஒன்றியம் உதவலாம், பொதுவான மரபை முன்னிலைப்படுத்தலாம். ஆனால் அதன் பெயரால் நாடுகளின் சட்டங்களை ஒரே அச்சில் வார்க்க அதற்கு அதிகாரம் இல்லை. அரிசி, பால், மீன், வாகனப் புகை என்று எல்லாவற்றுக்கும் பொது விதி எழுதுகிறவர்கள் பண்பாட்டில் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். “நீங்கள் உங்கள் நாட்டவர் மட்டுமா, உங்கள் நாட்டவரும் ஐரோப்பியருமா?” என்று அங்கே பல்லாண்டாகக் கருத்துக்கணிப்பில் கேட்டு வருகிறார்கள். நாடு முதலில், ஐரோப்பா அடுத்தது என்பதுதான் அதிகம் பேர் சொல்லும் பதில். அதைக் கண்டு, ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசல்சில் யாரும் தலையில் கைவைத்ததாகத் தெரியவில்லை.

பொதுச் சின்னங்களைக்கூட யாருடைய சொந்தமும் ஆகாதபடி செய்துவைத்திருக்கிறார்கள். ஒன்றியத்தின் கீதம் பேத்தோவனின் இசை. அதற்கு உத்தியோகபூர்வமாகப் பாடல் வரி கிடையாது. எந்த மொழியில் பாடுவது என்ற பிரச்சினையை வரியையே எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். (2016 சுதந்திர தினத்தில் தமிழிலும் பாடப்பட்ட தேசிய கீதம் 2020இல் சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டபோது நடந்த வாக்குவாதம் வாசகருக்கு ஞாபகம் இருக்கும்.) 2002இல் புழக்கத்துக்கு வந்த யூரோத் தாள்களில் பாலங்களும் வாசல்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட உண்மையான பாலம் அல்ல. பிரான்சின் பாலத்தைப் போட்டால் இத்தாலிக்கு மனக்குறை வரும் என்று, வடிவமைத்தவர் ஒவ்வொரு காலத்துக் கட்டடக் கலையின் சாயலிலும் கற்பனையாக வரைந்தார். பிறகு நெதர்லாந்தின் ஸ்பைகெனிஸ் நகரத்தார் அந்த ஏழு பாலங்களையும் சிறிய அளவில் தங்கள் ஊரில் உண்மையாகவே கட்டிவிட்டார்கள். பகிடி தெரிந்த மனிதர்கள்.

சின்னங்கள் போகட்டும், சட்டத்துக்கு வருவோம். 1958இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இயற்றிய முதலாவது ஒழுங்குவிதியே மொழி பற்றியது. அதற்கு இலக்கமும் 1 தான். அப்போது டச்சு, பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன் என்ற நாலு மொழிகள். நாடு சேரச் சேர அதே ஒழுங்குவிதியில் மொழியும் சேர்ந்துகொண்டு வந்தது. 2013இல் குரோவேசிய மொழி வந்ததோடு 24 ஆனது. அதில் இரண்டு விஷயம் முக்கியம். குடிமகன் ஒருவர் இந்த 24இல் எந்த மொழியில் ஒன்றிய நிறுவனத்துக்கு எழுதினாலும் அதே மொழியில் பதில் வரவேண்டும். உடன்படிக்கையிலேயே இந்த உரிமை இருக்கிறது. அடுத்தது, சட்டத்தின் எல்லா மொழி உரைகளும் சம அதிகாரம் உடையவை. எஸ்தோனிய உரைக்கும் பிரெஞ்சு உரைக்கும் முரண் வந்தால், “பிரெஞ்சுதான் மூலம்” என்று நீதிபதி சொல்ல முடியாது. உரைகளை ஒப்பிட்டு, சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத்தான் பொருள் காண வேண்டும்.

எங்கள் பாராளுமன்றச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்துக் கடைசிப் பிரிவுகளைப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். எந்த உரை மேலோங்கும் என்பதைச் சட்டம் இயற்றும்போது பாராளுமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அரசியலமைப்பின் 23ஆவது உறுப்புரை. ஒவ்வொரு முறையும் சிங்களம்தான் மேலோங்க வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. ஆனாலும் அந்த வாசகம் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. தமிழ் உரையை நம்பி ஒருவர் நடந்தால், அந்த உரையில் பிழை இருந்தால், பிழையின் பாரம் மொழிபெயர்த்தவர் தலையில் விழாது. வாசித்தவர் தலையில்தான் விழும்.

ஐரோப்பாவில் இந்தப் பாரத்தை யார் சுமப்பது என்று ஒரு வழக்கிலேயே தீர்த்தார்கள். 2004 மே 1ஆம் திகதி செக் குடியரசு உட்பட 10 நாடுகள் ஒரே நாளில் ஒன்றியத்தில் சேர்ந்தன. அதுவரை இருந்த ஒன்றியச் சட்டம் முழுவதையும் புதிய மொழிகளில் கொண்டுவர வேண்டும். சுமார் 80,000 பக்கம் என்று அந்த நாட்களில் சொல்லப்பட்டது. மொழிபெயர்ப்பு முடிந்தாலும் அதைச் சரிபார்த்து, வர்த்தமானிக்குச் சமமான உத்தியோகபூர்வ இதழில் அச்சிட வேண்டும். அச்சு பின்தங்கிவிட்டது. அந்த இடைவெளியில் ஒலோமோட்ஸ் நகரச் சுங்கப் பகுதி, வைன் இறக்குமதி செய்யும் ஸ்கோமா லக்ஸ் என்ற நிறுவனத்துக்குத் தண்டம் விதித்தது. பொருளைப் பிழையான வகையில் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. “இந்த ஒழுங்குவிதி செக் மொழியில் அச்சாகவே இல்லையே, எங்களை எப்படி அது கட்டுப்படுத்தும்?” என்பது நிறுவனத்தின் வாதம். இணையத்தில் செக் உரை கிடைத்தது, சர்வதேச வியாபாரம் செய்கிறவர்களுக்கு விதி தெரியாமலா இருக்கும் என்பது எதிர்வாதம்.

2007 டிசம்பர் 11ஆம் திகதி லக்சம்பேர்க்கில் இருக்கும் ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உத்தியோகபூர்வ இதழில் அந்த நாட்டு மொழியில் அச்சாகாத ஒழுங்குவிதியைக் கொண்டு அந்த நாட்டுத் தனியாட்கள் மேல் கடப்பாடு சுமத்த முடியாது. வேறு வழியில் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தாலும் முடியாது, இணையத்தில் கிடந்ததும் போதாது. ஏற்கெனவே முடிந்துபோன தீர்மானங்களையெல்லாம் திரும்பத் திறக்க வேண்டியதில்லை என்று அரசாங்கங்களுக்கு ஒரு ஆறுதலையும் அதே தீர்ப்பில் வைத்தார்கள். ஒரு மொழியில் அச்சுப் பிந்தினால் அரசாங்கத்துக்கே நட்டம் என்று வந்த பிறகு, அச்சு பிந்துவதை யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் கணிப்பில், அந்தக் கண்டத்தின் பன்மைத்துவத்துக்குக் கொடி, கீதம் எல்லாம் சேர்ந்து செய்ததைவிட இந்த ஒரு தீர்ப்புச் செய்தது அதிகம்.

இனிப் பேச்சு மொழிபெயர்ப்பு, அதாவது உரைபெயர்ப்பு. 24 மொழிகள் என்றால் மொழிச் சோடிகள் 24 தர 23, அதாவது 552. மோல்ட்டா மொழியிலிருந்து பின்லாந்து மொழிக்கு நேரே பெயர்க்கிறவரை எங்கே தேடுவது? அதனால் அஞ்சல் முறை வைத்திருக்கிறார்கள். பின்லாந்துக்காரர் பேசுவதை ஒருவர் ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ ஜேர்மனுக்கோ கொண்டுவருவார். மற்றக் கூண்டுகளில் (உரைபெயர்ப்பாளர் இருந்து பேசும் சிறு அறைகளில்) இருப்பவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோவார்கள். ஐரோப்பியப் பாராளுமன்ற முழு அமர்வில் ஒரு மொழிக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு வழக்கமாக மூன்று பேர். ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஒலிவாங்கி கைமாறும். அதற்கு மேல் ஒருவர் தொடர்ந்து பேசினால் தரம் விழும். பேசுகிறவருக்கே அது தெரியாது என்பதுதான் ஆபத்து.

பிழைகள் வருகிற இடங்களும் தெரிந்தவைதான். எழுதிக்கொண்டு வந்ததை வேகமாக வாசிப்பவர் உரைபெயர்ப்பாளரின் முதல் எதிரி. அடுத்து எண்கள், திகதிகள், ஆட்பெயர்கள், “இல்லை” என்ற சொல். அஞ்சலில் முதற்கை “இல்லை”யைத் தவறவிட்டால் அதை நம்பியிருக்கும் கூண்டுகள் எல்லாவற்றிலும் அது “உண்டு” ஆகிவிடும். ஒருவர் பகிடி விட்டால் சிரிப்பு மண்டபத்தில் அலை அலையாக வரும், அஞ்சலில் கேட்கிறவர்கள் கடைசியாகச் சிரிப்பார்கள். ஜேர்மன் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் நிற்கும்போது ஆங்கிலக் கூண்டில் இருப்பவர் அது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் செலவு? எல்லா நிறுவனங்களின் மொழிச் சேவையும் சேர்த்து ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு யூரோ என்று ஒன்றியம் கணக்குச் சொல்கிறது. அங்கே காசை விடப் பெரிய தட்டுப்பாடு ஆட்களுக்குத்தான். மோல்ட்டா சேர்ந்தபோது போதிய மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் சட்டங்களை மோல்ட்டா மொழியில் வெளியிடும் கடமைக்கு மூன்றாண்டு விலக்குக் கொடுத்தார்கள். அயர்லாந்து மொழி 2007இல் உத்தியோகபூர்வமானது. முழு அளவில் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 1ஆம் திகதி. இடையிலிருந்த 15 ஆண்டும் ஆட்களைப் பயிற்றவும் சொற்களைத் திரட்டவும் போனது. உரிமையை ஒரு நாளில் எழுதலாம், அதைச் செய்து காட்டுகிற ஆள் உருவாக ஒரு தலைமுறை எடுக்கிறது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பெயினில் காத்தலான் மொழி பேசுகிறவர்கள் மோல்ட்டா மொழி பேசுகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் ஒரு நாட்டின் பெயரால் வராததால் அந்த மொழி 24இல் இல்லை. ஸ்பெயின் 2023இல் காத்தலான், பாஸ்க், கலீசிய மொழிகளைச் சேர்க்கக் கேட்டது. எல்லா நாடுகளும் ஒருமித்துச் சம்மதிக்க வேண்டும் என்பதால் அங்கேயே தட்டி நிற்கிறது. நீதிமன்றத்தின் உள்வேலை மொழி இன்றும் பிரெஞ்சு. ஐரோப்பிய ஆணைக்குழுவில் பெரும்பாலான வரைவுகள் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. பிரித்தானியா போய்விட்டது, ஆங்கிலம் போகவில்லை. குடியேறியவர்களின் மொழிகளுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. டென்மார்க் 2002இல், தாய்மொழிக் கல்வி கொடுக்கும் உள்ளூராட்சிக் கடமையை ஐரோப்பிய நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நீக்கியது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் ‘அ’னா எழுதப் பழகுவது பெற்றோர் நடத்தும் வார இறுதிப் பள்ளிகளில்தான். 24இல் இருக்கும் மொழிக்குச் சட்டம் காவல். வெளியே இருக்கும் மொழிக்குத் தாய்தகப்பன் காவல்.

இனி எங்கள் பக்கம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்றும், அங்கே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அலுவல் பார்க்க விரும்புகிறவருக்கு அந்த உரிமை உண்டு என்றும் வைத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் வந்தது. எழுத்தில் பார்த்தால் எங்கள் அம்பாறை மாவட்டத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை, ஐரோப்பாவில் 15 ஆண்டு பிடித்த, ஆட்களைப் பயிற்றும் அந்த வேலையில்தான் இருக்கிறது.

நெற்போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் போக ஆரம்பக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் தலைவாய்க்கால் பக்கம் சிங்களக் குடியேற்றக் கிராமங்கள், கடைவாய்க்கால் பக்கம் தமிழ், முஸ்லிம் வட்டைகள் (வயல்வெளிகள்). கூட்டத்தில் முடிவாகிறவை: தண்ணீர் திறக்கும் திகதி, பூட்டும் திகதி, முறைத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருக்கால், எத்தனை மாத நெல், விதைப்பு எப்போது முடிய வேண்டும். எல்லாம் எண்ணும் திகதியும். உரைபெயர்ப்பில் அதிகம் வழுக்குகிறவை எவை என்று மேலே சொன்னோமோ அவையேதான். விதைப்பு முடியும் திகதியைக் கடைக்கண்டத்துக்காரர் ஒரு கிழமை பிந்தி விளங்கிக்கொண்டால், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் பூட்டப்படும். அதை இனப் பாகுபாடு என்று ஊர் பேசும். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும், சில வேளை கூட்டத்தில் உரைபெயர்ப்பாளர் இல்லாததன் விளைவாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய எழுத்தில் ஒன்றும் இருக்காது. கூட்டறிக்கை ஒரு மொழியில் மட்டும் இருப்பதே காரணம்.

இதற்குக் கூண்டும் கருவியும் தேவையில்லை. இரண்டே மொழி, மூன்று மணித்தியாலக் கூட்டத்துக்கு, மாறி மாறிப் பேச இரண்டு உரைபெயர்ப்பாளர் போதும். பேசி முடித்த பின் பெயர்க்கும் முறையானால் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே நிகழ்ச்சி நிரலைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அதைக் குறைக்காமல் விட்டால் கடைசி அரை மணித்தியாலத்தில் உரைபெயர்ப்பைக் கைவிடுவார்கள், வாக்கெடுப்பு வருவதும் அந்த அரை மணித்தியாலத்தில்தான். நிகழ்ச்சி நிரலும் எண்களும் இரண்டு நாள் முன்னதாக உரைபெயர்ப்பாளர் கைக்கு வரவேண்டும். ஒவ்வொரு திகதியையும் அளவையும் சொன்னவுடன் கரும்பலகையில் இலக்கத்தில் எழுத வேண்டும். அந்தத் தண்ணீரில் காணி வைத்திருக்கும் எழுதுவினைஞரை உரைபெயர்க்க விடக்கூடாது. அவர் நேர்மையானவராக இருந்தாலும் கடைசியில் இருக்கிறவர் நம்பமாட்டார்.

எங்களுக்கு ஒரு வசதி உண்டு, பிரசல்சுக்கு அது இல்லை. சிங்களத்திலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில்தான். “மம ஹெட்ட கெதர யனவா”, “நான் நாளைக்கு வீட்டுக்குப் போகிறேன்”: சொல்லுக்குச் சொல் அடுக்கு ஒன்று. அந்த ஆங்கிலக் கூண்டுக்காரரைப் போல் மூச்சுப் பிடிக்கத் தேவையில்லை. அப்படியிருக்க, சுற்றுநிருபம் ஒன்று சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்தால் வாக்கியம் இரண்டு முறை கரணம் அடிக்கிறது. வாசிக்க முடியாத தமிழ் பிறப்பது அப்படித்தான். நேரே பெயர்க்கிறவர்களை உருவாக்குவதுதான் குறுக்கு வழி.

அடுத்தது சொற்பட்டியல். ஒன்றியத்தின் நிறுவனங்கள் 24 மொழிக்கும் பொதுவான கலைச்சொல் வங்கி ஒன்றைப் பேணுகின்றன. ஒரு பிரதேச செயலகத்துக்கு முதலில் முந்நூறு சொல் போதும் என்பது எங்கள் மதிப்பீடு. காணிக் கிளையிலிருந்து ஒரு உதாரணம்: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் கிடைப்பது அனுமதிப்பத்திரம், சிங்களத்தில் பலபத்ரய. நிபந்தனைகள் நிறைவேறிய பின் கிடைப்பது அளிப்பு. இரண்டுக்கும் உரிமை வேறு, கைமாற்றும் விதி வேறு. கடிதத்தில் இரண்டையும் “காணிப் பத்திரம்” என்று பெயர்த்துவிட்டால், அனுமதிப்பத்திரக்காரர் தன் கையில் இருப்பது உறுதி (முழு உரிமைப் பத்திரம்) என்று நினைத்து விற்கப் போவார். வாங்கியவரும் விற்றவரும் வேறு வேறு சமூகம் என்றால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

பொது அடையாளம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் வாசகருக்கு ஒன்று. ஃபெட்டா என்ற பாற்கட்டியின் பெயர் கிரேக்கத்துக்கு மட்டுமே உரியது என்று 2002இல் பதிவாகி, ஜேர்மனியும் டென்மார்க்கும் எதிர்த்து வழக்காடியும் 2005இல் நிலைத்தது. இலங்கைக் கறுவாவுக்கும் 2022இல் ஒன்றியத்தில் அப்படியொரு புவிசார் பதிவு கிடைத்தது. அந்தப் பதிவுக்கு என்ன கேட்பார்கள்? பொருளின் விவரம், எல்லை வரைபடம், செய்முறை, அந்த மண்ணோடு அதற்குள்ள தொடர்பு, பரிசோதிக்கும் அமைப்பு எது என்பவை. மட்டக்களப்பு எருமைத் தயிருக்கு ஒருநாள் அந்தப் படிவத்தை நிரப்பப் போனால் எல்லைக் கோடு மாவட்ட எல்லையில் நிற்காது, இன எல்லையிலும் நிற்காது. எருமைகள் மேயும் வில்லுகள் (தாழ்நிலச் சதுப்புகள்), பால் கறக்கும் பட்டிகள், சட்டி வனையும் குடிகள் எல்லாம் கோட்டுக்குள் வரும். செய்முறையை மூன்று சமூகத்தாரும் ஒரே மேசையில் இருந்து ஒத்துக்கொள்ள வேண்டும். பாலை எவ்வளவு காய்ச்சுவது என்பதிலேயே முதல் சண்டை வரும், அது நல்ல சண்டை.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த போகத்துக்கான ஆரம்பக் கூட்ட அறிவித்தலை நீங்கள் வெளியிடும்போது திகதி, நேரம், இடத்தோடு, உரைபெயர்ப்பாளர் எத்தனை பேர், கூட்டறிக்கை எந்தெந்த மொழியில் எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இரண்டு விவரத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். விவரம் தராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் இருவர்,
கல்முனை.